ஆறாவது கதவின் மேல் போட்ட துண்டு

1932ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பிற்பகலில், வில்லியனூர் மாட்டுத் தரகர் சம்மந்தத்தின் மகள் ருக்குமணி, வயது இரண்டே முக்கால், ஒரு பிரெஞ்சுப் படப் புத்தகத்தின் ஆறாவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். போகும்போது பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள், காலில் தண்டை இருந்தது, கையில் பாதி தின்ற வெல்லக்கட்டி இருந்தது. அன்று மதகடிப்பட்டுச் சந்தையில் கறவை மாட்டின் விலை இறங்கியிருந்தது, புண்ணாக்கு ஏறியிருந்தது, மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

அந்தப் புத்தகம் வீட்டுக்குக் கொசுறாக வந்தது. கொசுறு வாங்காத வியாபாரத்தைச் சம்மந்தம் வியாபாரமாகவே மதிப்பதில்லை. மாடு வாங்கினால் கயிறு, கயிறு வாங்கினால் மணி, மணி வாங்கினால் அதைச் சுற்றித் தரும் துணி என்று கடைசியாக ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இடத்தைவிட்டு நகர்வார். முந்தின வருஷம் சித்திரையில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் குடும்பம் கப்பலேறுவதற்கு முன் தங்கள் கறவை மாட்டை விற்றது. விலை முடிந்து, கயிறு கைமாறி, அதன் பிறகும் சம்மந்தம் நின்ற இடத்திலேயே நின்றார். துரையின் மனைவிக்கு, அந்த மதாமுக்கு, இவர் எதற்கு நிற்கிறார் என்று புரியச் சிறிது நேரமானது. புரிந்ததும் சிரித்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டிருந்த சாமான்களுக்கு நடுவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தாள். சம்மந்தம் ஒரு பித்தளைச் செம்பின் மேல் கண் வைத்திருந்தார். கிடைத்தது புத்தகம். மாட்டை ஓட்டிக்கொண்டு மூலக்குளம் வழியாக நடந்து வந்தவர், இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் செம்பு வந்திருக்கும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்தார்.

கெட்டி அட்டையில் ஆறே பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு கதவு. கதவு என்றால் ஒரு ஓரம் மட்டும் மடித்து ஒட்டிய காகிதம். விரலால் தூக்கினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். வீதிக் கதவைத் தூக்கினால் நாய். அலமாரியில் பூனை. அடுப்பில் ரொட்டி. கொட்டிலில் ஒரு செவலை மாடு. பெரிய பெட்டி ஒன்றைத் திறந்தால் குடை பிடித்துக்கொண்டு ஒரு துரை. பெட்டிக்குள் அவருக்கு எதற்குக் குடை என்று புத்தகம் சொல்லவில்லை, அல்லது பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம். ஆறாவது, நீலக் கதவு. அதற்குள் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். அச்சுக்காரன் மறந்து விட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்று கேட்க அந்தக் குடும்பம் ஊரில் இல்லை, கப்பல் போய்விட்டது.

சம்மந்தத்தின் மனைவி தையலம்மாளுக்கு எந்த பாஷையிலும் எழுத்து தெரியாது. அந்தப் புத்தகத்துக்கு அது ஒரு குறையாகவும் இல்லை. உலை கொதிக்கும் நேரத்தில் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்து, "யாரு உள்ள?" என்று கேட்பாள். மகள் "நாயி!" என்று கத்திவிட்டுக் கதவைத் தூக்குவாள். நாய்தான் இருக்கும். உடனே இரண்டு பேரும், நேற்றும் அதற்கு முந்தின நாளும் அதே நாயைப் பார்க்காதவர்கள்போல, வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவார்கள். பிறகு மூடுவார்கள், பிறகு மறுபடி. ஒரு நாளைக்கு இருபது தடவைக்குக் குறையாது. உள்ளே இருப்பது இன்னதென்று குழந்தைக்கு முன்பே தெரியும் என்பது இந்த விளையாட்டுக்கு நஷ்டமில்லை, அதுதான் முதல். கேட்கிறவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அல்லது தெரியாததுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தையலம்மாள் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து இந்த ஒரு பிள்ளையைப் பெற்றவள். நிபந்தனைகளைப் பற்றிக் குறைசொல்லும் நிலையில் அவள் இல்லை.

இரண்டாவது மாதத்திலேயே நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. ருக்குமணி தன் தட்டிலிருந்து தயிர்ச் சோற்றை எடுத்து அலமாரிக் கதவின் இடுக்கில் தள்ளிக்கொண்டிருந்ததால் பூனை கொழுத்தது. ஐப்பசியில் அதன் கதவு சரியாக மூடவில்லை, கார்த்திகையில் புத்தகத்தின் மேல் அம்மிக் குழவியை வைத்து அழுத்த வேண்டியதாயிற்று. சீமைக் காகிதம் ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்று தெருவில் சொன்னார்கள். சம்மந்தத்தோடு இருபது வருஷமாகச் சந்தையில் மோதிக்கொண்டிருந்த இன்னொரு தரகரான மணவாளன் ஒரே பார்வையில், அது ஈரமும் இல்லை எதுவும் இல்லை, சினை என்றார். மார்கழியில் பூனை மூன்று குட்டி போட்டது. மாட்டு விஷயத்தில் மட்டுமல்ல, பொதுவாகவே மணவாளனுக்கு அந்தக் கண் உண்டு.

தை மாதத்தில் எதிர் வீட்டுக் குழந்தை வந்து விளையாடும்போது வீதிக் கதவைப் பிய்த்துவிட்டது. அதன் பிறகு நாய் குரைக்கவில்லை. சோறு வைத்தால் சோறு வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. தடவிப் பார்த்தால் வெறும் மசி. பிய்ந்த கதவைத் தையலம்மாள் அரிசிப் பானைக்குள் பத்திரமாகப் போட்டு வைத்தாள், கஞ்சிப் பசையால் ஒட்டியும் பார்த்தாள், நாய் திரும்பவில்லை. கதவு போனால் உள்ளே இருப்பது படமாகிவிடும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் அன்றே தெரிந்துவிட்டது. தபால்காரர் மட்டும் ஒரு வாரம் அந்த வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்.

சம்மந்தம் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவர் தொழிலே மூடி வைப்பது. சந்தையில் இரண்டு தரகர்கள் விலை பேசும்போது வாயால் பேசுவதில்லை. கையோடு கை கோத்து, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. அது ஒற்றையா, பத்தா, நூறா என்பதை மட்டும் துண்டு போடுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்; அதைச் சொல்லாமல் கையை நீட்டுகிறவன் தரகனே இல்லை. சுற்றி நிற்கும் கூட்டம் துண்டு அசைவதைப் பார்க்கும், பிறகு முகத்தைப் பார்க்கும். சம்மந்தத்தின் முகத்தில் முப்பது வருஷமாக ஒருவரும் ஒன்றும் பார்த்ததில்லை. ஒரு முறை விலை பேசிக்கொண்டிருக்கும்போதே மாடு அவர் கால் மேல் ஏறி நின்றது. பேரம் முடியும் வரை, அது கால் மணி நேரம், அவர் முகம் கோயில் தூண்போலத்தான் இருந்தது. இந்த மாதிரி மனிதரிடம் குழந்தை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் எந்தக் கதவையும் தூக்காமல், சரக்கை வெளியிலிருந்தே மதிப்புப் போடுகிற பழக்கத்தில், ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "நாய், பூன, ரொட்டி, மாடு, தொர, ஒண்ணும் இல்ல. ஆச்சா? போ." கொட்டில் மாட்டை மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்தார். மடி பரவாயில்லை, பல் பார்க்க வழியில்லை என்று சொல்லிவிட்டு மூடிவிட்டார்.

அந்த ஆடிச் செவ்வாயிலும் அதுதான் நடந்தது. சந்தை சரியில்லை, வெயில், பசி. குழந்தை வந்து மடியில் ஏறப் பார்த்தது. "அப்பா, யாது உள்ள?" என்றது, கேட்க வேண்டிய கேள்வியை இவர் கேட்காததால் அது தானே கேட்டுக்கொண்டது. சம்மந்தம் ஆறையும் வரிசையாக ஒப்பித்தார். ஒண்ணும் இல்ல என்று முடித்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு படுத்தார். ருக்குமணி தரையில் உட்கார்ந்து நீலக் கதவைத் தூக்கி, அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காலியிடம் என்றால் யாராவது ஒருவர் போய் இருக்க வேண்டியதுதானே. தையலம்மாள் சோற்றுக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தபோது ஒரு குதிகாலும் தண்டையும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. கதவு மூடிக்கொண்டது.

தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே ருக்குமணி இருந்தாள், அதே மசியில், அதே பச்சைப் பாவாடையில், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெல்லம் தின்றுகொண்டிருந்தாள். தையலம்மாள் பெயரைச் சொல்லி அலறினாள். ருக்குமணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் வரவில்லை. மூடித் திறந்தார்கள், இப்போது படுத்திருந்தாள். அடுத்த நாள் காலையில் மூன்றாம் பக்கத்து ரொட்டியில் ஒரு ஓரத்தைக் காணோம், கடித்த இடத்தில் சின்னச் சின்னப் பல் தடம் இருந்தது. பூனைக்குட்டிகளில் ஒன்று அலமாரியிலிருந்து ஆறாம் பக்கத்துக்குக் குடிபோயிருந்தது. தையலம்மாள் பருப்புச் சோற்றை உருட்டி நீலக் கதவின் இடுக்கில் வைத்தால் அது உள்ளே போயிற்று. ஆக, பிள்ளை பட்டினி இல்லை, தனியாகவும் இல்லை. வீட்டில் மட்டும் இல்லை.

மூன்றாம் நாளே வில்லியனூர் முழுக்க வந்துவிட்டது. அபிஷேகப்பாக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை கதவைத் தூக்கிப் பார்த்தார்கள், தூக்கியவர்கள் எல்லோரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், வாடி என்றார்கள், கண்ணு என்றார்கள், வரிசையில் பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைச் சீக்கிரம் என்றார்கள். சம்மந்தம் தன் பங்குக்குக் கன்றுக்குட்டி தருவதாகச் சொன்னார், வெள்ளித் தண்டை தருவதாகச் சொன்னார், திருவிழாவில் ராட்டினம் என்றார். இதெல்லாம் வெறும் விலை. உள்ளே இருந்தவள் எதையும் விற்க வரவில்லை.

மேரி என்று ஊரில் சொல்கிற கொம்யூன் அலுவலகத்திலிருந்து, பிறப்பு இறப்பு எழுதும் ஆரோக்கியம், பெரிய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆறாம் நாள் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு சர்க்காரின் கீழ் ஒரு குழந்தை ஒரு கட்டத்திலாவது இருந்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. கதவைத் தூக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சாகல. காணாமலும் பூடல, இதோ தெரியுது. இப்ப நான் இன்னாத்துல எழுதறது?" என்று சம்மந்தத்தைக் கேட்டார்.

"எதுலயும் எழுதாத சாமி. சாப்ட்டுக்கினுதான் இருக்கா," என்றாள் தையலம்மாள்.

எழுதாமல் போனால் அவருக்கு வேலை போகும். கடைசியில் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் போன இடம் என்ற கட்டத்தில் மேல் வரிகளில் சைகோன், சைகோன், ரெயூனியோன் என்று இருந்தது. அடுத்த வரியில் ஆரோக்கியம் தன் அழகான கையெழுத்தில், புத்தகம், ஆறாம் பக்கம் என்று எழுதி, தேதி போட்டார்.

எழுதி முடித்துவிட்டுப் போகும்போது அவர்தான் அதைச் சுட்டிக்காட்டினார். காகிதத்தோடு வாழ்கிறவருக்குத்தான் அது கண்ணில் படும். நீலக் கதவின் மடிப்பு கிழிந்துகொண்டு வந்தது. முதல் நாள் ஒரு சாண் நீளத்துக்கு முழுசாக இருந்தது. ஊர் தூக்கித் தூக்கி, இப்போது நாலு விரல்கடை மீதி. சம்மந்தம் அதைப் பார்த்தார், பிறகு அரிசிப் பானையைப் பார்த்தார், அதற்குள் கிடந்த வீதிக் கதவு அவருக்கு நினைவு வந்தது. அன்று மாலையோடு கூட்டத்தை நிறுத்தினார்கள். நிறுத்தினாலும் என்ன, உள்ளே அவள் ஓடி விளையாடும்போது கதவு தானாக ஆடியது. எட்டாம் நாள் இரண்டு விரல்கடை. பதினோராம் நாள் ஒரு அவரை விதையின் நீளம். பசை போட்டு வலுப்படுத்தலாம் என்றால், பசை இடுக்கில் இறங்கிக் கதவே ஒட்டிக்கொண்டுவிடும். மணவாளன் வந்து பார்த்துவிட்டு, கத்திரி வைத்துப் பக்கத்தையே பின்பக்கமாக வெட்டித் திறந்தால் என்ன என்று கேட்டார்.

"உன் வூட்டுப் பசு கன்னு போடலன்னா வவுத்த அறுத்தா எடுப்ப?" என்றாள் தையலம்மாள். 

இதற்கிடையில் ஒரு செவ்வாய் வந்து போயிற்று. சம்மந்தம் இல்லாமல் மதகடிப்பட்டுச் சந்தை கூடியது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சந்தைக்கு அதனால் குறைவொன்றும் வரவில்லை என்று கேள்விப்பட்டபோது அவருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும், முகத்தில் தெரியவில்லை. நாளெல்லாம் புத்தகத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பதினைந்தாம் நாள், அதாவது அதற்கும் அடுத்த செவ்வாய், மடிப்பு ஒரு நெல்மணி நீளத்துக்கு வந்துவிட்டது. இனி ஒரே ஒரு தடவை தூக்கினால் கையோடு வந்துவிடும்.

"பேசி முடிக்காத சரக்குன்னு ஒண்ணு என் ஆயுசுல இல்லடி. இதுக்கு மட்டும் இன்னா கேக்கறான்னே தெரியல," என்றார் சம்மந்தம்.

"நீ எங்கய்யா கேட்ட?" என்றாள் தையலம்மாள். அழுது முடித்த குரல், அதில் கோபம்கூட மீதி இல்லை. "ஊர்ல அத்தினி பேரும் நேரா அந்தக் கதவத் தொறந்து அவ பேரச் சொல்லிட்டாங்க. பேரச் சொல்லிட்டா அப்புறம் இன்னா வெளையாட்டு? நீயும் சொல்லிக்கினுதான் இருந்த. ஒரு நாளாவது யாரு உள்ளன்னு கேட்டியா?"

 சம்மந்தம் எழுந்து போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார், சந்தைக்குப் போகும்போது போடும் வெள்ளைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேரம் என்றால் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது முறை. மணவாளனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். புத்தகத்தைத் தரையில் விரித்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வீதிக் கதவுதான் இல்லையே, அதனால் நாயின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, "யாரு உள்ள?" என்றார். குரல் முதலில் சந்தையில் மாட்டின் வயது கேட்பதுபோல இருந்தது. கையை எடுத்தார், நாய். "அட, நாயி!" என்றார். மணவாளன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அலமாரிக்கு வந்தபோது குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. "இங்க யாரு? ஒருவேள நம்ம ருக்கு இங்க இருக்காளோ?" தூக்கினார், பூனை. இல்லை. அடுப்பில் தேடினார், ரொட்டி, அதிலும் பாதியைக் காணோம். "ரொட்டிய யாரோ தின்னுட்டாங்களே, யாரா இருக்கும்?" என்று அவர் கேட்டபோது ஆறாம் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம், வந்தது. பதினாலு நாளில் அந்தப் புத்தகத்திலிருந்து வந்த முதல் சத்தம். தையலம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். சம்மந்தம் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவசரப்படவில்லை. கொட்டிலில் தேடினார், மாட்டின் காலுக்கு அடியில் தேடினார். பெட்டியில் துரையிடம் மரியாதையாகக் கேட்டார், குடைக்குப் பின்னால் பார்க்கலாமா என்று அனுமதி வாங்கிப் பார்த்தார். ஒரு இடத்திலும் இல்லை. தேடுகிறவன் முதலில் தப்பான இடத்திலெல்லாம் தேட வேண்டும், அதுவும் மனசாரத் தேட வேண்டும் என்பது மூன்று வயதுக்குட்பட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சம்மந்தத்துக்கு அன்று, நாற்பத்தாறாவது வயதில், தெரிந்தது.

ஆறாவது கதவுக்கு வந்தார். தூக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து நீலக் கதவின் மேல் போட்டார், துண்டுக்கு அடியில் வலது கையை விட்டு, மடிப்பு அசையாமல், இடுக்கில் விரல்களை மெல்லச் செலுத்தினார். மணிக்கட்டு வரை போயிற்று. "யாரு உள்ள?" என்று கேட்டார். இந்தத் தடவை அது எந்தச் சந்தையிலும் கேட்ட குரல் இல்லை.

துண்டு அசைந்தது. உள்ளே ஒரு சின்னக் கை, வெல்லப் பிசுக்கோடு, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தது. ஒன்று. சம்மந்தம் அசையாமல் இருந்தார். அந்தக் கை இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தது, பிறகு இன்னொன்று, பிறகு மொத்தமாக ஐந்து விரலையும் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடிக்குள் ஐந்தும் அடங்காது, ஆனாலும் பிடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் சம்மந்தம் விரலை உதறுவார், எழுந்து போவதுபோலப் பாவனை செய்வார், பாதியிலிருந்து பேசத் தொடங்குவார். எதிரில் இருந்த மணவாளன், இருபது வருஷப் பழக்கத்தில், துண்டை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் குனிந்து, யாருக்கும் கேட்காமல், தொழிலில் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய மரியாதையோடு சொன்னார்:

"சம்மந்தம். வெளிய தெரியுதுபா."

"தெரியட்டும்," என்றார் சம்மந்தம். கேட்ட விலைக்கே, ஒரு விரல்கூடக் குறைக்காமல், அந்தக் கையை இறுக்கிப் பிடித்துப் பேரத்தை முடித்தார். அவர் வாழ்க்கையில் அப்படி முடித்தது அது ஒன்றுதான். உடனே துண்டு உள்ளே இழுபட்டது, அச்சாரம் வாங்கிக்கொள்வதுபோல, ஒரு முனையும் மீதியில்லாமல் முழுசும் போய்விட்டது. பிறகு கதவு உள்ளேயிருந்து திறந்தது. ருக்குமணி வந்து, "நானு!" என்றாள்.

மடிப்பில் ஒரே ஒரு நூல் இழை மீதி இருந்தது. தையலம்மாள் பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, பழைய மல் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கஞ்சிப் பசையால் கதவைக் கட்டிவிட்டாள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் ருக்குமணி அரை வீசை கூடியிருந்தாள்; ரொட்டிதான் காரணம் என்று கடைக்காரர் அபிப்பிராயப்பட்டார். மறுநாள் ஆரோக்கியம் வந்து, வெளியேறியவர்கள் பக்கத்தில் திரும்பியவர் என்று எழுதிக்கொண்டு போனார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மணவாளன் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அது சரி, அஞ்சுன்னு முடிச்சியே. இன்னா அஞ்சு? ஒத்தையா, பத்தா, நூறா?"

சம்மந்தத்தின் கை, தோளில் இல்லாத துண்டைத் தேடியது. சந்தைக்கு வந்த முதல் வாரத்துப் பையன்கூடச் செய்யாத தப்பு. துண்டைப் போடுவதற்கு முன் எதில் பேசுகிறோம் என்று சொல்லவே இல்லை. மகளைக் கேட்டார். ருக்குமணி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் உட்கார்ந்து, "அஞ்சு," என்றாள். அதற்கு மேல் விவரம் பெயரவில்லை. ஆக, அன்றிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து தடவை, முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை, ஒவ்வொன்றிலும் யாரு உள்ள என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியப்பட வேண்டியதாயிற்று. என்றைக்கு முடிகிறது என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை. ஆறாவது கதவுக்குள் இப்போது வெள்ளையாக இல்லை. சுவரில் ஒரு ஆணி, ஆணியில் சம்மந்தத்தின் துண்டு தொங்கியது.

முகம் தெரிந்துபோன தரகன் பிழைக்க முடியாது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அப்படியொன்றும் ஆகவில்லை. விலை ஐந்தில் வந்து நிற்கும்போது மட்டும் சம்மந்தத்தின் முகம் இளகிவிடும், மற்றபடி தூண்தான். விவரம் தெரிந்தவர்கள் மாட்டுக்கு ஐந்தில் முடிகிற விலையாகவே சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் மதகடிப்பட்டில் எல்லா மாட்டின் விலையும் ஐந்தில் முடிந்தது, யாருக்கும் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ருக்குமணிக்கு ஏழு வயதானபோது, போதும்பா என்றாள். பேசினது பேசினதுதான் என்று சம்மந்தம் சொல்லிவிட்டார். அவளுக்குப் பிறகு பிறந்த தம்பிக்கும், தெருவில் பல் முளைத்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஐந்து போய்ச் சேர்ந்தது. பூனை வம்சம் பெருகிப் பெட்டி வரைக்கும் பரவியது, துரை குடையை மடக்கிவிட்டு ஒரு குட்டியை வைத்துக்கொண்டிருந்தார். ரொட்டி வளரவில்லை, பாதியாகவே இருந்தது. யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, காகிதம் கிடைக்கவில்லை, யுத்தம் முடிந்தது.

1946இல் ருக்குமணியை ஏம்பலத்தில் கரும்பு பயிரிடும் அரங்கநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சீர் வரிசையில் பாத்திரங்களுக்கு நடுவில் புத்தகம் இருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் இது என்ன என்று கேட்டார்கள். கொசுறு என்றார் சம்மந்தம். அடுத்த வருஷம் அவர்களுக்கு வனஜா பிறந்தாள். செவ்வாய் சந்தை போக, புதன்கிழமைதோறும் சம்மந்தம் ஏம்பலத்துக்கு நடந்து போய் வரத் தொடங்கினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டதால் ஐந்து தடவைக்கு முன்போல ஒரு மணி நேரம் போதவில்லை.

1949 மாசியில் ஒரு புதன்கிழமை, இரண்டாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது, வனஜா நீலக் கதவைத் தூக்கினாள். ஆணியில் துண்டு இல்லை. ஆணிக்கும் பக்கத்தில் புதிதாக அடித்த இன்னொரு ஆணிக்கும் நடுவில் ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் துண்டு துவைத்து, பிழிந்து, விரித்துக் காயப்போட்டிருந்தது. பதினாறு வருஷத்து அழுக்கு போய் நல்ல வெள்ளையாக இருந்தது. கீழ் முனையிலிருந்து சொட்டிய தண்ணீர் பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்ததால் ருக்குமணி எழுந்துபோய் ஒரு பழந்துணி கொண்டுவந்து ஒற்றினாள்.

வனஜா துண்டின் மேல் விரலை வைத்து, "யாது?" என்றாள். அதைத் துவைத்துப் போட்டது யார் என்று கேட்கிறாள்.

"தெரியலியே கண்ணு," என்றார் சம்மந்தம். தரகில் இறங்கிய நாளிலிருந்து அந்தப் பதிலை அவர் ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருப்பார்; இந்தத் தடவை அது நிஜம். கதவு காய்வதற்குக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தார்கள். பிறகு மூடிவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு இன்னும் மூன்று பாக்கி இருந்தது.